கலர் பாட்டில் இருந்த இடத்தில் எதை வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

குளிர்பானத்தை நிறுத்துவது எப்படி என்று கேட்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்துதான், அதிலும் விளவங்கோடு, கல்குளம் பக்கம் அதிகம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரும் போடவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு வயசு 36. ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு வேலை. விடியுமுன்னே தோட்டத்துக்குப் போனா, பால் எடுத்து ஷீட் அடிச்சு முடிக்க பத்து, பதினொண்ணு ஆயிரும். அப்புறம் ஜங்ஷன்ல பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கலர். சாயங்காலம் கூட்டாளிகளோட இன்னொண்ணு. போன மாசம் ரத்தம் பார்த்ததில் எச்.பி.ஏ.1.சி.ங்கிற சுகர் டெஸ்ட்ல 6.1 வந்திருக்கு, கவனமா இருங்கன்னு டாக்டர் சொன்னார். ரெண்டு மூணு தடவை விட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் ஓடுது, அப்புறம் கால் தானா கடைக்குப் போயிருது. எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாதா?
– பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

தம்பி, இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் போய் மரத்துக்குக் காயம் படாத ஆழத்தில் பட்டையைச் சீவுகிற ஆள் நீங்கள். உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கால் தானாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நேரம், ஓர் இடம், அதற்கு முன்னால் செய்து முடித்த ஒரு வேலை, இந்த மூன்றும் தினமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் நாளடைவில் யோசனையே இல்லாமல் கை நீண்டுவிடும். தாகமா, ஆசையா என்றுகூட மனசு கேட்டுப் பார்க்காது.

அமெரிக்காவில் வெண்டி வுட் என்ற உளவியல் பேராசிரியரும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்கு அன்றைக்குப் பொரித்த பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரம் ஆகி நமுத்துப்போன பாப்கார்ன் கொடுத்தார்கள். தியேட்டருக்குப் போனால் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், நமுத்ததையும் நல்லதைத் தின்கிற அளவுக்கே தின்று முடித்தார்கள். நல்லா இல்லை என்று அவர்களுக்கே தெரியும், ஆனாலும் தின்றார்கள். அப்படிப் பழகியவர்களையே தியேட்டர் இல்லாமல் ஒரு சாதாரண அறையில் உட்கார வைத்துப் பாட்டு வீடியோ போட்டுக் காட்டியபோது, நமுத்ததை அவ்வளவாகத் தொடவில்லை. தியேட்டரில் அவர்களைத் தின்ன வைத்தது அந்த இருட்டும் அந்த நாற்காலியும். உங்களுக்கு அந்த ஜங்ஷனும் பதினொரு மணியும்.

அதனால் ‘இனி குடிக்க மாட்டேன்’ என்று மட்டும் முடிவெடுத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது. பதினொரு மணி நாளைக்கும் வரும், கடை அங்கேயே இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்துக்கு வேறு ஒன்றை வைத்தாக வேண்டும். பால் எடுத்து முடிக்கும்போது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும், உடம்பு அப்போது கேட்பது தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். வீட்டில் காலையில் கஞ்சி வடித்த தண்ணியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு (பிரஷர் இருந்தால் உப்பு வேண்டாம்) ஒரு பாட்டிலில் கொண்டுபோய், ஷீட் அடிக்கிற மெஷின் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். ஷீட்டைக் கொடியில் போட்டுக் கை கழுவினதும் அதைக் குடித்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்ப வேண்டும். ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்த பிறகு குடிக்கலாம் என்று வைத்துக்கொண்டால் நடக்காது, வெறும் வயிறும் வறண்ட தொண்டையுமாக அந்தக் கடை முன்னால் போய் நிற்கவே கூடாது. ‘இது முடிந்ததும் இதைச் செய்வேன்’ என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்கிறவர்கள், பொதுவாகச் சபதம் எடுப்பவர்களைவிட அதிகமாகச் சாதிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சாயங்காலக் கலரை இப்போதைக்குத் தொட வேண்டாம், காலையில் குடிப்பது நின்ற பிறகு அதற்கு வருவோம். கூட்டாளிகளை விட்டு விலகி வீட்டில் உட்காருங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், அந்த அரை மணி நேரப் பேச்சு உங்களுக்கு வேண்டும். கடைக்குப் போங்கள். போனதும் மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன்னே ‘ஒரு கட்டன் சாயா, வித்தவுட்’ (பாலும் சீனியும் இல்லாத டீ) என்று சொல்லிவிடுங்கள். உங்கள் தலையைக் கண்டதும் பாட்டிலை உடைத்து நீட்டுகிற கடைக்காரராக இருந்தால் முந்தின நாளே அவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். சுகரு எட்டிப் பார்க்குது அண்ணே என்று சொன்னால் போதும், நம்ம ஊரில் அதற்கு மேல் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கோலாக்களில் 100 மில்லிக்குப் பத்து, பதினொரு கிராம் சீனி, பாட்டிலின் பின்பக்கமே அச்சடித்திருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் 26 கிராம் பக்கம் வரும், தேக்கரண்டிக் கணக்கில் ஆறுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. ரெண்டு கலரிலேயே உங்களுக்கு 50 தாண்டிவிட்டது, சாயாவில் போடுகிற சீனியை இன்னும் நாம் எண்ணவே இல்லை. அதோடு, தின்கிற பண்டம் வயிற்றை நிறைக்கிற மாதிரி குடிக்கிற சீனி நிறைக்காது, அதனால் மத்தியானச் சோறும் குறையாமல் உள்ளே போகும்.

எச்.பி.ஏ.1.சி. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உங்கள் 6.1 கீழே இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, இந்த வயதில் கட்டாயம் முயற்சி பண்ணிப் பார்க்க வேண்டியது. கடந்த ரெண்டு மூன்று மாதத்து ரத்தச் சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் காட்டும், ஆகவே மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். முடிவு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி, நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

கருப்பட்டிக் காப்பிக்கு மாறிவிட்டேன். அக்கானி (பதநீர்) காலத்தில் அக்கானி. சீனியே வீட்டில் வாங்குவதில்லை. இது போதும்தானே?
– குடும்பத் தலைவி, இராஜாக்கமங்கலம்

போதாது அம்மா. கருப்பட்டியின் ருசியும் மணமும் சீனிக்கு வராது, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் போய்ச் சேரும்போது அதே வேலையைத்தான் செய்யும். மார்த்தாண்டம் தேனுக்கும் இதே பதில். தேனையும் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. காப்பிக்குக் கருப்பட்டி போடுங்கள், ஆனால் சீனியை அளக்கிற மாதிரி அளந்து போடுங்கள், ‘நல்லதுதானே’ என்று ரெண்டு துண்டு கூடப் போட வேண்டாம். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையப் புழங்குகிறது, காய்ச்சுகிறவரைத் தெரிந்து வாங்குவது நல்லது.

அக்கானியை நான் விடச் சொல்ல மாட்டேன். மாசி, பங்குனி வெயிலில், சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கிற அக்கானிக்கு எந்தப் பாட்டிலும் ஈடாகாது, பனை ஏறுகிறவர் குடும்பத்துக்கும் நாலு காசு போய்ச் சேரும். ஆனால் இனிப்பில் அது கோலாவுக்குக் குறைந்தது இல்லை. சீசனில் எப்போதாவது ஒரு நாள் ஒரு டம்ளர் என்றால் சரி, தினமும் செம்பு நிறைய என்றால் தப்பு. கருக்கில் (இளநீரில்) இனிப்பு அந்த அளவுக்குக் கிடையாது, தாகத்துக்கு அது தேவலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

கோலாவை விட்டுவிட்டு நம்ம ஊர் கலர்தான் குடிக்கிறேன். பரவாயில்லையா?
– கடை ஊழியர், தக்கலை

2017 மார்ச்சிலிருந்து வெளிநாட்டுக் கோலாக்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது நிறையப் பேர் உங்களை மாதிரி மாறினார்கள். 1916-ல் விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க்கின் பவண்டோவுக்கு அன்றைக்கு வந்த மவுசு நினைவிருக்கும். உள்ளூர்த் தொழில் வளர வேண்டும் என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் கேட்டது உடம்பைப் பற்றி. பவண்டோ, பன்னீர் சோடா, நன்னாரி சர்பத் எல்லாவற்றிலும் சீனி இருக்கிறது. சர்பத் கடையில் ‘சர்பத் கொஞ்சம் ஊத்துங்க, நாரங்கா (எலுமிச்சை) கூடப் பிழியுங்க’ என்று கேட்க முடியும், பாட்டிலில் அந்த வசதி கிடையாது.

ஐம்பது நாள் ஒரு சொட்டுக் குளிர்பானம் தொடாமல் இருந்தேன். போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்தில் வரவேற்பு ஜூஸில் ஆரம்பித்து, பந்தி முடிந்ததும் கலர், சாயங்காலம் ஐஸ்கிரீம் சோடா என்று முடிந்தது. அடுத்த மூன்று நாளும் குடித்தேன். 21 நாள் தாண்டினால் பழக்கம் ஆகிவிடும் என்றார்களே, ஐம்பது நாளுமே வீண்தானா?
– ஆசிரியை, நாகர்கோவில்

இல்லை டீச்சர், வீணாகவில்லை. அந்த 21 நாள் கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். 1960-ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக ‘குறைந்தது’ 21 நாள் ஆகிறது என்று தான் கவனித்ததை எழுதினார், அது கை மாறிக் கை மாறி எல்லாப் பழக்கத்துக்கும் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

உண்மையிலேயே அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில். பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்டார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். யோசிக்காமலே செய்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் அதைவிட முக்கியம், ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம்: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. ஐம்பது நாளில் உங்களுக்குக் கைவராமல் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை, உங்கள் பேரில் குறையும் இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் கல்யாணத்து ஜூஸ் என்னைக் கவலைப்படுத்தவில்லை, அதற்கு அடுத்து வந்த மூன்று நாள்தான். ‘போச்சு, இனி என்ன’ என்று நினைத்துத்தானே குடித்தீர்கள்? அந்த நினைப்பு வருகிற இடத்தில்தான் முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும். கல்யாணத்தில் எதைக் குடித்தாலும் சரி, மறுநாள் காலையில் சீரகத் தண்ணி காய்ச்சி ஸ்கூலுக்குக் கொண்டுபோவது நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண சீசன் ஆனாலும், கோட்டாறு சவேரியார் திருவிழா ஆனாலும், மண்டைக்காட்டுக் கொடை ஆனாலும், வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அதுதான். ஐம்பது நாளை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணவும் வேண்டாம், காலண்டரில் நாலு நாள் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி ரெண்டு லிட்டர் பாட்டில் வாங்கி வரச் சொல்வது மாமியாரின் வழக்கம். மிச்சத்தைப் பிள்ளைகள் குடித்துத் தீர்க்கிறார்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கிற இனிப்பு பாக்கெட்தான் வாங்கிக் கொடுக்கிறார். எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி, கருங்கல்

மாமியார் செய்வது விருந்து உபசாரம். வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் அவருக்கு மனசு ஆறாது, அதில் தப்புச் சொல்ல முடியாது. அதனால் வாங்காதீங்க என்று தடுத்தால் சண்டைதான் மிஞ்சும். வருகிறவர் முன்னால் வைக்க நீங்கள் ஒன்றை முதலிலேயே தயாராக வைத்திருங்கள். வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோரோ, உப்புப் போட்ட நாரங்கா வெள்ளமோ ஒரு தட்டில் மாமியார் கையிலேயே கொடுங்கள், அவரே கொண்டுபோய் நீட்டட்டும். கூட ஒரு சீப்பு மட்டிப்பழம் வையுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் வாழைப்பழம், வெளியூர்க்காரர்கள் ஆசையாகச் சாப்பிடுவார்கள். பழமாகத் தின்றால் நாரும் சேர்ந்து போகும். அதையே ஜூஸ் அடித்துச் சீனி போட்டால் அதுவும் கலர் மாதிரிதான்.

இதற்கும் அவர் மசியவில்லை என்றால் சின்ன பாட்டிலாக வாங்கச் சொல்லுங்கள். வந்தவர் குடித்ததோடு தீர்ந்துவிடும், ஃபிரிட்ஜில் மிச்சம் நிற்காது. பிள்ளைகளைத் திட்டுவதைவிட அந்த மிச்சத்தை இல்லாமல் பண்ணுவது சுலபம்.

வயிற்றுப்போக்கு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கிற நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல்; உலக சுகாதார நிறுவனம் சொன்ன அந்தக் கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், கூடவே அளந்து சேர்த்த உப்புகள். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொண்டு ஜூஸ் மாதிரி விற்ற டெட்ரா பாக்கெட்டுகளில் சீனி அதைவிடப் பல மடங்கு, அது போக்கைக் கூட்டவும் செய்யும். அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொடி இலவசமாகக் கிடைக்கும், நாலு பாக்கெட் வாங்கி வீட்டில் வையுங்கள். கவரில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போட்டால் அளவு தப்பிவிடும்.

டயட் கோலா குடிக்கலாமா? பரீட்சை நேரத்தில் எனர்ஜி டிரிங்க்?
– இன்ஜினீயரிங் மாணவர், தக்கலை

மக்களே, டயட் கோலாவில் சீனி இல்லை, அது உண்மை. தினமும் ரெண்டு பாட்டில் குடிக்கிறவர் அதிலிருந்து இறங்குவதற்குக் கொஞ்ச நாள் படியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எடையைக் குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. நாக்கும் அதே இனிப்பிலேயே நிற்கும். பல்லுக்கும் அது நல்லதில்லை, கோலாவின் அமிலம் சீனி இல்லாமலே எனாமலை அரிக்கும். அதனால் ஒரு பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உறிஞ்சிக்கொண்டிருக்காதே.

எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் சேர்க்க அனுமதி உண்டு. அப்படியானால் 250 மில்லி டின்னில் 75 வரை இருக்கலாம், சீனியும் கோலா அளவுக்கு. ராத்திரி ரெண்டு டின் குடித்துவிட்டுத் தூங்காமல் படித்தது காலையில் ஹாலில் எவ்வளவு நினைவுக்கு வரும்? ஆறு மணி நேரமாவது தூங்கு.

கோலாவை நிறுத்திய இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலி. உடம்புக்குச் சர்க்கரை பற்றாமல் போய்விட்டதா?
– வாகன ஓட்டுநர், களியக்காவிளை

சர்க்கரை இல்லை, காஃபின். நிறைய குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் அரை நாளிலிருந்து ஒரு நாளைக்குள் தலைவலி தொடங்கும், ரெண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். ஒரே நாளில் நிறுத்தாமல் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை அரை பாட்டிலாகக் குறைத்து வாருங்கள், இடையில் சீனி போடாத கட்டன் குடிக்கலாம். வண்டி ஓட்டும்போது தலைவலியும் தூக்கமும் சேர்ந்து வந்தால் ஓரங்கட்டிவிடுங்கள்.

அப்பாவுக்கு வயசு 68, இன்சுலின் போடுகிறார். கலரை அடியோடு நிறுத்திவிட்டோம், வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. சரிதானே?
– மகள், குளச்சல்

நிறுத்தியது சரி. ஆனால் ஒரு சின்ன பாட்டில் வீட்டில் இருக்கட்டும், டயட் இல்லாத சாதாரண கலர். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உடம்பு வியர்த்துக் கை நடுங்கும், பேச்சு குழறும், சில பேர் காரணமே இல்லாமல் எரிந்து விழுவார்கள். அந்த நேரத்தில் சுமார் 150 மில்லி கலர், இல்லையென்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், உடனே கொடுக்க வேண்டும். டயட் பாட்டில் இதற்கு உதவாது. கால் மணி நேரம் கழித்து மெஷினில் பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை அதே அளவு கொடுத்து, ஏறியதும் சாப்பிட வையுங்கள். பாட்டில் எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அப்பா நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.